வலத்தனை மெலிய விடாமல்

அந்த மாரி முழுக்க நான் ஒரு மாட்டின் விலாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் முகம் கழுவ முன்னரே கொட்டிலுக்குப் போய், எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். பகலில் இரண்டு மூன்று தரம் பார்ப்பேன். பொழுதுபடும் நேரம் போனைப் பிடித்து, கட்டாரில் இருக்கிற என் மனிசனுக்கும் காட்டுவேன். இவ்வளவு அக்கறையாக யாராவது என் விலாவைப் பார்த்திருந்தால் நான் எப்போதோ தேறியிருப்பேன்.

அது சவாரி மாடு. எங்கள் தர்மபுரத்துப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரி என்றால் ஆம்பிளைகளுக்குச் சோறு தண்ணி தேவையில்லை. மழை விட்டு, நிலம் இறுகி, தை பிறந்ததும் தொடங்கிவிடுவார்கள். சின்ன வண்டியில் இரண்டு மாடுகளைப் பூட்டித் திடலில் ஓட விடுவது. வலப்பக்கம் ஓடுகிற மாடு வலத்தன், இடப்பக்கம் ஓடுகிற மாடு இடத்தன். ஒரு பக்கத்துக்குப் பழகின மாட்டை மற்றப் பக்கத்தில் பூட்டினால் இலேசில் ஒத்துவராது. என் மனிசன் அப்படி ஒரு சோடியைக் கன்றிலிருந்து ஒரே கொட்டிலில் கட்டி வளர்த்தவர். கலியாணம் கட்டின என்னோடு கதைத்ததைவிட அந்தச் சோடியோடு கதைத்தது கூட.

கட்டார்ப் பயணம் சரிவந்தபோது இடத்தனை விற்றார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை. வலத்தனை விற்கவில்லை. பயணம் போகிற அன்று வாசலில் வான் வந்து நிற்க, இந்த மனிசன் கொட்டிலுக்குள் நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தைக்கு வந்திடுவன். வேற ஒரு இடத்தனைப் பாத்துச் சோடி சேத்து ஓடுவன். நீர் இதை மட்டும் மெலிய விடாதையும். மாரியில விழுந்த உடம்பு தையில எழும்பாது," என்றார்.

நான் அதை இப்படி விளங்கிக்கொண்டேன்: மாடு உடம்போடு நின்றால் மனிசன் தைக்கு வருவார். மாடு மெலிந்தால், இனி என்னத்துக்கு ஊருக்குப் போக வேணும் என்று அங்கேயே நின்றுவிடுவார். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் மகளையும் பூவரசங்குளத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, தனிய இருக்கிற வீட்டில், யோசனைக்குக் குறுக்கே கதைக்க ஆள் இல்லை.

வன்னியில் மாரி என்றால் மாடுகளுக்குப் போக்கிடம் இல்லை. விதைப்பு முடிந்ததும் வயல் பக்கம் ஒரு மாட்டையும் விட முடியாது. பழைய வன்னிக் குடும்பங்கள் மாடுகளைப் பட்டியாகச் சேர்த்துக் காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். நெல் வெட்டு முடியத்தான் அவை திரும்பும். பக்கத்து வளவு அக்கா அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்.

"பிள்ளை, எங்கட பட்டியோட விடும். காடு பாத்துக்கொள்ளும்," என்றார்.

"காட்டில முள்ளுக் குத்தி இது நொண்டிச்சுதெண்டால், அந்த மனிசன் வந்து என்னைத்தான் வண்டியில பூட்டும், அக்கா."

அது ஒரு காரணம். மற்றது, எங்களுக்கு மாட்டை அவிழ்த்து விடத் தெரியாது. என் அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். அங்கே மேய விட நிலம் ஏது? கட்டி வைத்து, தேடித் தேடிப் போடுவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். பச்சைப் பனையோலையை ஈர்க்கு நீக்கி, நாடா நாடாவாகக் கிழித்துப் போடுவோம். சுற்றிவரப் பச்சைக் காடு நிற்க, நான் ஓலைக்கு அலைவதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். "யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு வேலை இல்லாட்டி உடம்பு நோகும் போல," என்பார். நொந்தது என்னவோ வேலை இருந்தபோதுதான்.

மழைக்கு முளைக்கிற புல்லை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. பார்வைக்குக் கொழுகொழு என்று நிற்கும். தின்றால் வயிற்றால் அடிக்கும். ஒரு கிழமை மழைப்புல் தின்ற மாடு, வைக்கோல் தின்ற மாட்டைவிட மெலிந்து நிற்கும். ஆகவே வைக்கோல்தான் வேண்டும். வைக்கோலும் முன்னைப்போல இல்லை. வெட்டு மிசின் வந்ததிலிருந்து அது வயலெல்லாம் சிதறி, நனைந்து, கறுத்துப்போகிறது. இடம்பெயர்ந்து போய், முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் தம்பி ஒருவர், எங்கேயோ தேடிக் காய்ந்த வைக்கோலும் எள்ளுப் புண்ணாக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு மிசினில் கொண்டுவந்து தருவார். அந்தச் சத்தம் ஒழுங்கையில் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. புண்ணாக்கை ஊறப் போட வேண்டும். தவிட்டைக் கஞ்சித் தண்ணியில் கரைத்து உப்புப் போட வேண்டும். அக்காவின் வேலியில் பூவரசங்குழை முறிக்க வேண்டும், அவர் பார்க்காத நேரம் பார்த்து. கொட்டிலில் நீர் தேங்கினால் குளம்பு அழுகும் என்று மண் வெட்டிக் கொட்ட வேண்டும். நுளம்புக்கு வேப்பிலைப் புகை போட வேண்டும். அந்தப் புகையில் நுளம்பு போகுதோ இல்லையோ, எனக்குக் கண் போய்விடும். வைக்கோலை மூடின தறப்பாளைக் காற்றுத் தூக்கும். நனைந்து நனைந்து போய் இழுத்துக் கட்டுவேன். இவ்வளவும் முடித்துக் குசினிக்கு வந்தால் அடுப்பு மூட்ட மனம் வராது. ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட். அதோடு சரி. தனி ஆளுக்கு எதற்கு உலை வைக்க வேண்டும் என்று இருந்துவிடுவேன்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. அதோடு மாடு தின்பதை நிறுத்தியது.

தின்னாமலே இருந்தது என்றில்லை. இரண்டு வாய் எடுக்கும். பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அசை போடுவதும் குறைந்தது. மிருக வைத்தியர் வந்து காய்ச்சல் பார்த்தார், ஊசி போட்டார், நோய் ஒன்றும் இல்லை என்றார். அக்கா வந்து கண்ணூறு கழித்தார். நான் நல்லெண்ணெயில் முட்டை அடித்துப் போத்தலால் பருக்கினேன். அதில் பாதி என் சட்டையில். அடுத்தடுத்த நாட்களில் விலாவெலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தை தள்ளிப் போவதுபோல இருந்தது.

மனிசனிடம் மறைக்கவும் முடியாது. அவருக்கு அங்கே வேலை முடிகிற நேரம், இங்கே பொழுதுபடுகிற நேரம். போன் எடுத்ததும் முதல் வார்த்தை, "மாட்டைக் காட்டும்." மாட்டுக்கு இடப்பக்கத்து இடுப்பெலும்பின் கீழே ஒரு குழி இருக்கிறது. வயிறு நிறைந்தால் அது மேவும், பட்டினி என்றால் உள்ளே விழும். அந்தக் குழியை அவருக்குக் காட்ட வேண்டும். நான் இடப்பக்கம் போய், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் அப்படிக் காட்டிக்கொண்டிருக்கும்போது மாடு குனிந்து தின்னத் தொடங்கியது. மனிசன் அங்கேயிருந்து, "டேய் ராசா, தின்னடா, தின்னடா," என்று கத்துகிறார். மாடு நிறுத்தாமல் தின்றது. அடுத்த நாளும் அப்படியே. போனை வைத்துவிட்டு நான் குசினிக்குத் திரும்பினால் அதுவும் நிறுத்திவிடும்.

"பாத்தீரே! என்ர குரல் கேட்டால்தான் அது தின்னுது," என்றார்.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவியது. சவாரிக்காரர்கள் சந்தியில் நின்று அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். எசமானின் குரலுக்கு ஏங்குகிற மாடு என்று அக்கா கண்ணைத் துடைத்தார். மனிசன் பகல் சாப்பாட்டுக்கென்று குரல் பதிந்து அனுப்பத் தொடங்கினார். நான் போனைக் கொட்டில் கப்புத்தூணில் தொங்கவிட்டு அதைப் போட்டுவிட்டுப் போவேன். ராசா, தங்கம், என்ர குஞ்சு என்று கொஞ்சல் வேறு. இத்தனை வருசத்தில் என்னை அவர் 'இஞ்சரும்' என்பதற்கு மேல் ஒன்றும் கூப்பிட்டதில்லை. மாட்டின் மேல் எனக்குப் பொறாமை வந்தது, உண்மையாகவே. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பதிந்த குரலுக்கு மாடு காதை மட்டும் ஆட்டியது. தின்னவில்லை. நேரில் கதைத்தால்தான் தின்னும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காற்றும் மழையும் அடித்ததில் கவரேஜ் இல்லாமல் போனது. பொழுதுபடுகிற நேரம் வழக்கம்போல இடப்பக்கம் போய்ப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாடு குனிந்து தவிட்டுத் தண்ணியைக் குடித்தது. வைக்கோலை இழுத்தது. அடியில் கிடந்த ஓலை நாடாவையும் வழித்துத் தின்றது. போன் வாய் திறக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை சாப்பாடு வைத்துவிட்டு வலப்பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு வாய், பிறகு சுவர். சுற்றிப்போய் இடப்பக்கம் நின்றேன். தலை குனிந்து தின்றது. திரும்ப வலப்பக்கம் போனேன். நிமிர்ந்துவிட்டது. அந்த மழைக்குள் நான் ஒரு மாட்டைச் சுற்றிக் கோயில் வீதி சுற்றுவதுபோலச் சுற்றினேன்.

அந்த இடத்தில்தான் இடத்தன் நின்றிருந்தது. கன்றுக்காலம் முதல் இந்த மாடு தன் இடத்தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு உடம்பின் சூடு இருக்கத்தான் தின்று பழகியிருக்கிறது. வெயில் காலத்தில் பகலில் வேலியோரம் அக்காவின் மாடுகளுக்குப் பக்கத்தில் கட்டி வைத்துத் தின்றதால் தெரியவில்லை. மாரி வந்து கொட்டிலில் தனிய அடைபட்டதும் தெரிந்துவிட்டது. குரலும் இல்லை, எசமானும் இல்லை. பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. மனிசனின் குரலுக்கு இல்லை என்ற சந்தோசம். பிறகு, பாவம் என்று வந்தது.

அன்றிலிருந்து நான் இடத்தன் ஆனேன். பிளாஸ்டிக் கதிரையை எடுத்துப்போய் இடப்பக்கத்தில் போட்டு, வேலையைக் கொட்டிலுக்கு மாற்றினேன். ஓலை கிழிப்பது, அரிசி கொழிப்பது, வெங்காயம் உரிப்பது எல்லாம் அங்கேதான். ஆனால் மாடு சும்மா வேகமாகத் தின்று எழும்புகிற சாதி இல்லை. ஆறுதலாக, யோசித்து யோசித்துத் தின்னும். நான் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் குசினிக்குப் போய்ச் சோறு கறி ஆக்கி, கோப்பையோடு வந்து இருந்தேன். மாடு தன் பாட்டில் தின்றது. நான் என் பாட்டில் தின்றேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் இடியப்பமோ புட்டோ, பகலில் சோறு. மாடு காத்துக்கொண்டு நிற்கும், ஆகவே நேரத்துக்குச் சமைக்க வேண்டும்.

"என்ன பிள்ளை, மாட்டோட பந்தியில இருக்கிறீர்?" என்று வேலிக்கு மேலால் அக்கா கேட்டார்.

"பந்தியில பரிமாற ஆள் இல்லை அக்கா. நீங்கள் வாறீங்களே?"

அக்கா குழையைக் கட்டாக வெட்டித் தந்தார். நான் களவாக முறித்தது அவருக்கு முதலே தெரியும் போல.

மார்கழியில் வாடைக்காற்று எலும்புக்குள் போனது. மாட்டின் முதுகில் சாக்கைத் தைத்துப் போர்த்தேன். காட்டோரத்துப் பட்டிகளில் குளிரில் மாடுகள் விழுந்து செத்தன என்று கேள்விப்பட்டோம். அக்காவின் மாடுகளும் சில திரும்பவில்லை. அவர் வந்து கொட்டில் வாசலில் இருந்து வலத்தனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

வலத்தனின் விலா மூடிவிட்டது. அந்தக் குழி மேவிவிட்டது. மயிர் மினுங்கியது. சவாரிக்காரர்கள் கூட்டமாக வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். "இந்த மாரியிலயும் இப்பிடி ஒரு உடம்போ! அண்ணையின்ர குரல் செய்த வேலை," என்றார்கள். என் கையில் ஓலை கிழித்த வெட்டுக் காயம் வரி வரியாக இருந்தது. காட்டவில்லை. குரலைத் தூக்கிக்கொண்டு போகட்டும், எனக்குத் தை வந்தால் காணும்.

அன்று பொழுதுபட மாட்டைக் காட்டினேன். மனிசன் வாயைத் திறந்தபடி பார்த்தார். நான் கேட்டேன்:

"வாறதுக்கு எப்ப ரிக்கற்?"

அவர் மாட்டைப் பற்றியே கதைத்தார். நான் திரும்பவும் கேட்டேன். அங்கே பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"மூண்டு வருசம். நடுவில விடமாட்டாங்கள்," என்றார்.

"எப்ப தெரியும்?"

"போகேக்கையே தெரியும்."

"பிறகேன் தை எண்டு சொன்னீங்கள்?"

"மூண்டு வருசம் எண்டால் நீர் விட்டிருப்பீரே?"

விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ஆனால் ஒரு மாரி முழுக்க என்னை ஓட வைத்து, நனைய வைத்து, சுவரைப் பார்த்த மாட்டோடு சேர்த்து என்னையும் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, இப்போது ஆறுதலாகச் சொல்கிறார்.

"அப்ப இந்த மாட்டை ஏன் விக்காமல் விட்டிட்டுப் போனீங்கள்? மூண்டு வருசத்துக்குப் பிறகு இது ஓடுமே?"

"ஓடாது," என்றார். "பிள்ளை கலியாணம் கட்டிப் போன நேரம் நீர் பாயை விட்டு எழும்பாமல் கிடந்தனீரெல்லே. சாப்பிடவும் இல்லை. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். மாடு கொட்டில்ல நிண்டால் எழும்பித்தான் ஆகவேணும் எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைக் கேட்காமல், எனக்கே தெரியாமல், என்னை ஒரு மாட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லதுக்குத்தான் செய்தார் என்பது கோபத்தை இன்னும் கூட்டியது. கெட்டதுக்குச் செய்திருந்தால் வாயாரத் திட்டியிருக்கலாம்.

"உங்கட குரலுக்கு ஒண்டும் அது தின்னேல்லை," என்றேன். "நான் பக்கத்தில இருந்தபடியால்தான் தின்னுது." அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. போனை வைத்துவிட்டேன்.

சில நாள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. மகள் என்னோடு போனில் கதைத்து, "அம்மா, மாட்டைக் குடுத்திட்டு இஞ்ச வாங்கோவன், அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுறார்," என்றாள். விற்கலாம். கேட்டு வர ஆள் இருந்தது. ஒரு பகல் முழுக்க அதை யோசித்தேன். கோபத்தோடேயே தவிட்டைக் கரைத்தேன், கோபத்தோடேயே கொண்டுபோய் வைத்தேன், இடப்பக்கம் இருந்தேன், மாடு தின்றது. எனக்கும் பசித்தது. அந்தப் பசியைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் நேரத்துக்கு வந்து நிற்கிறது.

தை பிறந்தது. திடலில் சவாரி நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் வளவுக்குக் கேட்டது. வலத்தன் காதை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் நின்றது. நான் போகவில்லை.

வெட்டுத் தொடங்கியதும் வைக்கோல் தம்பியைப் பிடித்து, நனைய முன்னம் நல்லதாகப் பார்த்து இரண்டு மடங்கு ஏற்றி வரச் சொன்னேன். அவர் லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டாமலே கேட்டார்:

"என்னக்கா, அண்ணை வந்திட்டாரே? சவாரிக்கு இன்னொரு மாடும் பிடிச்சிட்டீங்களோ?"

"இல்லைத் தம்பி. அவர் வரேல்லை. இன்னும் ரெண்டு மாரி கிடக்கு," என்றேன். "நாங்கள் ரெண்டு பேரும் இருந்து தின்ன வேணுமெல்லே."